ஜேடர்பாளையம்: வாய்க்காலுக்கு மேலே காடு, கீழே கொடிக்கால்

பரமத்தியிலிருந்து கபிலர்மலை வழியாக ஜேடர்பாளையம் போகும் சாலையில் பெரும்பகுதி மேட்டாங்காடுதான். செம்மண், சரளை, இடையிடையே பனை. மரவள்ளியும் சோளமும் நிலக்கடலையும் மழையைப் பார்த்து நிற்கும். இந்தப் பக்கத்து வீடுகள் நெருங்கி நிற்பதில்லை. அவரவர் கிணற்றை ஒட்டி அவரவர் தோட்டத்துக்குள் வீடு. ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு இரண்டு காடு தாண்ட வேண்டும்.

ஜேடர்பாளையத்தைத் தாண்டி ஆற்றோடு கீழே இறங்கினால் காட்சி மாறிவிடும். பாண்டமங்கலம், வெங்கரை, பொத்தனூர், வேலூர் என்று சில கிலோமீட்டருக்குள் நான்கு பேரூராட்சிகள். ஒன்று எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று வெளியூர்க்காரருக்குத் தெரியாது. தெருத் தெருவாக வீடுகள். ஊரை விட்டு இறங்கினால் வாழை, கரும்பு, தென்னை, கொடிக்கால். மேட்டுக்கும் பள்ளத்துக்கும் பெய்யும் மழை ஒன்றுதான், ஆண்டுக்குச் சுமார் 700 மில்லிமீட்டர். அடியில் கிடக்கும் கரும்பாறையும் ஒன்றுதான். இரண்டையும் பிரிப்பது ராஜா வாய்க்கால்.

காவிரி இங்கே தெற்கு நோக்கி வந்து, சற்றுக் கீழே கொடுமுடியில் கிழக்கே திரும்புகிறது. திரும்புவதற்கு முன் ஜேடர்பாளையத்தில் குறுக்கே படுத்திருக்கிறது அணைக்கட்டு. 17ஆம் நூற்றாண்டில் பரமத்திப் பகுதியை ஆண்ட அல்லாள இளைய நாயக்கர் வெட்டியது ராஜா வாய்க்கால் என்பது இந்த வட்டாரத்தில் அனைவரும் அறிந்தது. அவருக்கு இங்கே சிலை உண்டு. தை முதல் நாளில் மாலை போடுகிறார்கள். பாளையம் என்ற பின்னொட்டே அந்தக் காலத்து ஆட்சியை நினைவூட்டுவது.

அணைக்கட்டைப் பார்க்க வருகிறவர்கள் குளித்துவிட்டு, பொரித்த மீன் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். விவசாயி பார்க்க வேண்டியது அதை அல்ல, வாய்க்காலின் வாட்டத்தை. ஆற்றில் தண்ணீர் கரைக்குக் கீழே ஓடுகிறது. அதை அப்படியே நிலத்துக்குத் திருப்ப முடியாது. மேலே ஓர் இடத்தில் தடுத்து, நீர்மட்டத்தைச் சிறிது உயர்த்தி, அங்கிருந்து ஆற்றின் சரிவைவிடக் குறைந்த சரிவில் வாய்க்காலைக் கொண்டுபோனார்கள். ஆறு வேகமாக இறங்க, வாய்க்கால் மெதுவாக இறங்குகிறது. போகப் போக வாய்க்கால் ஆற்றைவிட உயரத்தில் நிற்கும். இரண்டுக்கும் நடுவில் உள்ள நிலமெல்லாம் பாசனம் பெறும். மோட்டாரோ மின்சாரமோ தேவையில்லை. லெவல் பார்க்கும் கருவி இல்லாத காலத்தில் மண்ணின் மேடு பள்ளத்தைக் கண்ணால் அளந்து இதைச் செய்திருக்கிறார்கள். குமாரபாளையம், பொய்யேரி, மோகனூர் வாய்க்கால்களையும் சேர்த்தால் ஆயக்கட்டு சுமார் 16,000 ஏக்கர்.

நன்செய்க்குள் வீடு கட்ட முடியாது. ஆண்டு முழுதும் ஈரம். அதனால் வீடுகள் மேடான இடங்களில் ஒன்றாகச் சேர்ந்தன. சேர்ந்து இருந்தால்தான் வேலையும் ஓடும். கொடிக்காலை எடுத்துக்கொண்டால் போதும். அகத்தி விதைத்து, கொடி ஏற்றி, வாரம் தவறாமல் தண்ணீர் காட்டி, கொடி உயர உயர நாணல் வைத்துக் கட்டி, இலை பழுக்குமுன் கிள்ளி, கவுளிக்கு நூறாக அடுக்கி, 104 கவுளியை ஒரு சுமையாகக் கட்டிச் சந்தைக்கு அனுப்ப வேண்டும். இதில் எதையும் எந்திரம் செய்யாது. ஒரு ஏக்கர் கொடிக்காலுக்குத் தேவைப்படும் கைகள் ஒரு மேட்டாங்காட்டுப் பண்ணையத்துக்கு வேண்டியதைவிடப் பல மடங்கு. கரும்பு வெட்டு, வெல்லம் காய்ச்சுவது, கோரை அறுப்பு எல்லாம் இதே கணக்குத்தான். பிலிக்கல்பாளையம் வெல்லச் சந்தைக்கு 30 கிலோ சிப்பங்களாக வந்து இறங்கும் உருண்டை வெல்லத்துக்குப் பின்னால், இப்போது வட மாநிலத் தொழிலாளர்களின் உழைப்பும் இருக்கிறது. தண்ணீர் இருக்கும் இடத்துக்கு ஆட்கள் வருவது இன்னும் நிற்கவில்லை.

மேட்டுக்காரர்கள் சும்மா இருந்தார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. கவலை இறைத்துக் கிணற்றை நம்பிப் பிழைத்தவர்கள், கிணறு கைவிட்டபோது வேறு வழி தேடினார்கள். தண்ணீர் குறைவாகக் கேட்கும் கோழிப் பண்ணையும், லாரியும், லாரிக்குக் கூண்டு கட்டும் தொழிலும் நாமக்கல்லில் வேர்விட்டன. தண்ணீருக்காகப் பாறையைக் குடைந்து பழகிய திருச்செங்கோட்டுக்காரர்களின் ரிக் வண்டிகள் இந்தியா முழுவதும் ஆழ்குழாய்க் கிணறு போடுகின்றன. வாய்க்கால் ஓடிய பக்கம் ஆட்களை உள்ளே இழுத்தது. ஓடாத பக்கம் வெளியே அனுப்பியது.

ஆற்றை ஒட்டி வாழ்வதற்கு ஒரு விலையும் உண்டு. 2018, 2022 ஆகஸ்டு மாதங்களில் மேட்டூரிலிருந்து விநாடிக்கு 2 லட்சம் கன அடி அளவுக்குத் தண்ணீர் வந்தபோது, கரையோரத் தாழ்வான பகுதிகளுக்கு வெள்ள எச்சரிக்கை விட வேண்டியிருந்தது. 1934இல் மேட்டூர் அணை வந்தபின் வெள்ளம் அடங்கியது என்பது உண்மைதான். ஆனால் அணை நிரம்பிவிட்டால் வருகிற தண்ணீர் அப்படியே கீழே வரும். வெள்ளம் வராத சில ஆண்டுகளைப் பார்த்துவிட்டு ஆற்றுப் புறம்போக்கை ஒட்டி வீடு கட்டுவது நல்லதல்ல. வேலூரைச் சுற்றி நன்செய் வீட்டு மனையாவதும் அப்படித்தான். மேட்டில் மனை கிடைக்கும். வாய்க்கால் பாயும் வயலை இன்னொரு முறை உண்டாக்க முடியாது.

மேட்டுக்கும் பள்ளத்துக்கும் இடையில் இருந்த கோடு இப்போது மங்கி வருகிறது. ஆற்றோரம் கிணறு எடுத்து, குழாய் பதித்து, பல கிலோமீட்டர் மேட்டுக்குத் தண்ணீர் ஏற்றும் நீரேற்றுப் பாசனம் வந்துவிட்டது. சோளம் விளைந்த காட்டில் வாழைத் தார் தொங்குகிறது. மேட்டுக்காரர் தண்ணீர் கேட்பதில் தவறில்லை. முறைப்படி அனுமதி பெற்ற சங்கங்கள் ஒரு கணக்குக்குள் எடுக்கின்றன. சிக்கல் கணக்கில் வராத மோட்டார்களால்தான். ஆற்றில் வரத்து குறையும் கோடையில் அவை முதலில் காயவைப்பது மோகனூர்ப் பக்கத்துக் கடைமடையை.

அடுத்தது, வாய்க்கால் சீரமைப்பில் பல இடங்களில் வந்திருக்கும் கான்கிரீட் கரை. கசிவு குறைந்தால் கடைமடைக்குத் தண்ணீர் சேரும், தூர் வாருவதும் எளிது. ஆனால் இத்தனை காலம் கசிந்த தண்ணீர் வீணாகிவிடவில்லை. வாய்க்காலுக்குக் கீழே உள்ள கிணறுகளில் ஊறி, அடைப்புக் காலத்தில் கொடிக்காலைக் காத்தது அதுதான். வெற்றிலைக்குச் சில நாள் தண்ணீர் தவறினாலும் இலை சுருங்கிவிடும். சுவரை மட்டும் பூசி, அடித்தளத்தை மண்ணாகவே விட்டால் ஊற்று ஓரளவு நிலைக்கும். தளமும் பூசிய இடத்தில் கிணறு இறங்கத்தான் செய்யும்.

“என் கிணறு வாய்க்காலால் ஊறுகிறதா, மழையால் ஊறுகிறதா?” என்று கேட்கும் விவசாயி, வாய்க்கால் அடைக்கும் நாளன்று மோட்டார் ஓட்டுவதற்கு முன் காலையில் கயிறு விட்டு நீர்மட்டத்தை அளந்து, தொட்டிச் சுவரில் தேதியோடு குறித்து வைக்கலாம். தண்ணீர் திறப்பதற்கு முந்தின நாள் ஒரு முறை, திறந்து பதினைந்தாம் நாள் ஒரு முறை அதே போல் அளக்க வேண்டும். இடையில் மழை இல்லாமலே மட்டம் ஏறியிருந்தால் அது வாய்க்கால் கிணறு. அப்படிப்பட்ட கிணற்றை நம்பிக் கொடிக்கால் வைத்திருப்பவர், அடுத்த பருவத்துக்குக் கொடி பதிக்கும் முன் சொட்டுநீர்க் குழாய்க்கு விண்ணப்பம் கொடுத்துவிடுவது நல்லது.