கரைக்கு வந்த பிறகு

போன மாதம் ஒரு சனிக்கிழமை இரவு, எங்கள் மாலை வகுப்பில் படித்த பையன் ஒருவன் சென்னையிலிருந்து கூப்பிட்டான். பென்னாகரம் பக்கத்துக் காலனி ஒன்றிலிருந்து முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குப் போனவன். இப்போது சுற்றுலாத் திட்டங்கள் போட்டுக் கொடுக்கும் சிறிய நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறான். "அக்கா, எல்லாரும் இருக்கீங்களா? போனை ஸ்பீக்கர்ல போடுங்க. ஒரு வேலை இருக்கு, காசும் உண்டு" என்றான்.

வேலை இதுதான். அந்தமான் கடலில் உள்ள எரிமலைத் தீவுகளைச் சுற்றி ஒரு சிறு கப்பலில் முப்பது பேரை ஆறு நாள் அழைத்துப்போகும் காட்டுயிர்ப் பயணம். இயற்கைக்குக் கேடு செய்யாத 'நிலைத்த சுற்றுலா'. நாற்பது பக்கத் திட்ட அறிக்கை தயாராகிவிட்டது. 'உள்ளூர்ச் சமூகம்' என்ற தலைப்பில் இரண்டு பக்கம் மட்டும் காலியாக இருக்கிறது. அதை நாங்கள் எழுதித் தரவேண்டும். அவர்கள் சொன்ன தொகை, எங்கள் வகுப்பு நடக்கும் அறைக்குப் பத்து மாத வாடகை.

நாங்கள் நான்கு பேர். ஒகேனக்கல் பரிசலைத் தவிர எந்தக் கப்பலிலும் ஏறியதில்லை. எங்களை எதற்குக் கேட்கிறார்கள் என்றோம். "நீங்க களத்துல இருக்கறவங்க. அறிக்கையில உங்க பேரு இருந்தா நல்லா இருக்கும்னு நினைக்கறாங்க." "எங்க பேரா, எங்க சாதியா தம்பி?" கொஞ்ச நேரம் சத்தமில்லை. "ரெண்டும்தான் அக்கா" என்றான். பொய் சொல்லாமல் பேசுகிறான் என்பதே எங்களுக்குப் பெருமை.

அறிக்கையை வாங்கிப் படித்தோம். நல்ல அறிக்கை. போர்ட் பிளேரிலிருந்து (2024 முதல் அரசு ஆவணங்களில் ஸ்ரீ விஜயபுரம்) வடகிழக்கே சுமார் 140 கிலோமீட்டரில் பேரன் தீவு. தெற்காசியாவில் இன்று உயிரோடிருக்கும் ஒரே எரிமலை. 1787-இல் அது வெடித்ததைக் கப்பல்காரர்கள் குறித்து வைத்தார்கள். பிறகு ஒரு நூற்றாண்டுக்கு மேல் அடங்கிக் கிடந்துவிட்டு 1991-இல் மீண்டும் வெடித்தது. அதற்குப் பிறகும் அவ்வப்போது புகைகிறது. அங்கே யாரும் குடியிருக்கவில்லை. பயணிகள் இறங்கக் கூடாது, கப்பலில் இருந்தபடியே பார்க்க வேண்டும். இன்னும் வடக்கே நார்கொண்டம், உறங்கிப்போன எரிமலை. ஏழு சதுர கிலோமீட்டர்கூட இல்லாத அந்தத் தீவின் காட்டில் மட்டும், உலகில் வேறெங்கும் இல்லாமல், நார்கொண்டம் இருவாச்சி வாழ்கிறது. மொத்தமே ஆயிரத்தை ஒட்டித்தான் இருக்கும்.

பவளப்பாறை மேல் நங்கூரம் போடக்கூடாது. கடற்பறவைகள் வந்து மோதாமலிருக்க இரவில் மேல்தள விளக்குகளை மங்கலாக்க வேண்டும். டீசலை மிச்சம் பிடிக்க மெதுவாக ஓட்ட வேண்டும். கலாபகஸ் தீவுகளில் ஒரு வழிகாட்டிக்குப் பதினாறு பேருக்கு மேல் கூடாது என்று விதி இருப்பதுபோல, இங்கும் படகில் இறங்கும் குழுக்கள் சிறிதாக இருக்கவேண்டும். இப்படிப் பக்கம் பக்கமாக யோசித்திருக்கிறார்கள். படித்து முடித்தபோது எங்களுக்கே போகவேண்டும் போலிருந்தது. சுற்றுலா என்றாலே பணக்காரர் விளையாட்டு என்று நம் தோழர்கள் சிலர் ஒதுக்கிவிடுகிறார்கள். எங்களுக்கு அதில் உடன்பாடில்லை. நம் வகுப்புப் பிள்ளைகளும் ஒருநாள் கப்பல் தளத்தில் நின்று எரிமலை பார்க்கத்தான் வேண்டும்.

23-ஆம் பக்கம் 'கழிவு மேலாண்மை'. அங்கே எங்கள் வாசிப்பு நின்றுவிட்டது.

கப்பல் கழிவுக்கு மார்போல் என்ற சர்வதேச ஒப்பந்தத்தில் விதி இருக்கிறது. கரையிலிருந்து 12 கடல்மைலுக்கு அப்பால் போய்விட்டால், நகர்ந்துகொண்டிருக்கும் கப்பல், தேக்கி வைத்த கழிப்பறைக் கழிவைச் சுத்திகரிக்காமலே கொஞ்சம் கொஞ்சமாகக் கடலில் விடலாம். இந்தத் திட்டக்காரர்கள் அதைவிடக் கண்டிப்பானவர்கள். ஒரு சொட்டும் கடலில் விடமாட்டோம், எல்லாவற்றையும் தொட்டியில் தேக்கி ஆறாம் நாள் கரைக்குக் கொண்டுவருவோம் என்கிறார்கள். பாராட்டத்தான் வேண்டும். அடுத்த வரி: 'கரையில் முறைப்படி அகற்றப்படும்.' அத்தோடு அந்த அத்தியாயம் முடிந்தது.

யாரால் அகற்றப்படும்? செயப்பாட்டு வினைக்கு இப்படி ஒரு வசதி உண்டு, செய்கிற ஆளைச் சொல்லாமலே வாக்கியத்தை முடித்துவிடலாம். சந்தேகத்தில் முதல் பக்கத்திலிருந்து மறுபடி புரட்டினோம். உணவு சமைக்கப்படும். அறைகள் சுத்தம் செய்யப்படும். துணி துவைக்கப்படும். கழிவு அகற்றப்படும். இருவாச்சிக்கு அறிவியல் பெயரோடு ஒரு முழுப் பக்கம் இருக்கிறது. ஆமை எந்த மாதம் முட்டையிட வரும் என்பதுகூட இருக்கிறது. இந்த வேலைகளைச் செய்பவர் ஒருவருக்கும் நாற்பது பக்கத்தில் எழுவாய் இல்லை. இருவாச்சி மேல் எங்களுக்குக் கோபமில்லை. அதற்குக் கிடைத்த இடத்தில் பாதியாவது மனிதருக்கும் கிடைத்திருக்கலாம்.

திட்டம் போடுகிறவருக்குக் கழிவு கரைக்கு வந்ததும் விஷயம் முடிந்துவிடுகிறது. நம் சனங்களுக்கு அங்கேதான் வேலை தொடங்குகிறது. கப்பல் தொட்டியும் வீட்டு மலத்தொட்டியும் ஒன்றுதான். ஆறு நாள் மூடிக் கிடந்த கழிவில் ஹைட்ரஜன் சல்பைடு ஊறும். காற்றைவிடக் கனமான வாயு, அடியில் தங்கும். கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. குழாய் போட்டு உறிஞ்சினாலும் அடியில் வண்டல் தங்கும், பம்ப் அடைத்துக்கொள்ளும். அப்போது ஓர் ஆளை உள்ளே இறங்கச் சொல்வார்கள். 2013-ஆம் ஆண்டுச் சட்டம் மனிதரை இப்படி இறக்குவதைத் தடை செய்கிறது. 2014-இல் உச்ச நீதிமன்றம், கழிவுநீர்க் குழியில் இறந்தவர் ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் 10 லட்சம் கொடுக்கச் சொன்னது. 2023-இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. சட்டம் வந்து பத்தாண்டு கழித்து நீதிமன்றம் இழப்பீட்டை உயர்த்துகிறது என்றால், சாவு நிற்கவில்லை என்று அர்த்தம்.

ஒகேனக்கல்லிலும் இதுதான் கதை. ஆடிப்பெருக்குக்கு வந்த கூட்டம் போன மறுநாள், படித்துறையில் கிடக்கும் எண்ணெய்ப் புட்டிகளையும் மீன் முள்ளையும் ஈரத்துணியையும் யார் வாருகிறார்கள் என்று போய்ப் பாருங்கள். பரிசலை எல்லோரும் புகழ்கிறார்கள். மூங்கில் பின்னல், புகையில்லை, இஞ்சின் சத்தமில்லை. ஒரு காலத்தில் அதன் அடியில் மாட்டுத்தோல் போர்த்தினார்கள். அந்தத் தோலை உரித்துப் பதப்படுத்தியவர் தண்ணீர்த் துறையில் எங்கே நிறுத்தப்பட்டிருப்பார் என்பதைப் பரிசலின் பெருமை பேசுகிறவர்கள் சொல்வதில்லை.

சரி, 'உள்ளூர்ச் சமூகம்' என்றால் அந்தமானில் யார்? நிறுவனத்தின் குறிப்பில் 'பழங்குடிகள்' என்று ஒரே சொல். அங்கே அட்டவணைப் பழங்குடிகள் ஆறு: பெரிய அந்தமானியர், ஜாரவா, ஓங்கே, சென்டினலியர், நிக்கோபாரியர், ஷோம்பென். 1918 முதல் காடு வெட்டுவதற்காகச் சோட்டா நாக்பூரிலிருந்து கொண்டுபோகப்பட்ட ஒராவோன், முண்டா மக்கள் இந்தப் பட்டியலில் இல்லை. 'ராஞ்சி' என்ற பொதுப்பெயரில் நான்கைந்து தலைமுறையாக அங்கே உழைக்கிறார்கள். இதைவிட ஒரு செய்தி எங்களை உலுக்கியது. அந்தமான் நிக்கோபாருக்கு அட்டவணைச் சாதிப் பட்டியலே கிடையாது. நாட்டின் பெரும்பாலான பகுதிகளில் பட்டியல் இருக்கிறது, அங்கே மக்கள்தொகைக் கணக்கில் எஸ்.சி. எண்ணிக்கை பூஜ்யம். நம் மாவட்டத்திலிருந்து ஒரு குடும்பம் பிழைக்கப் போய் அங்கேயே தங்கிவிட்டால், கணக்கில் அவர்கள் தலித் இல்லை. துடைப்பம் மட்டும் கையைவிட்டுப் போகுமா? துறைமுகத்தில் எந்தச் சாதியார் எந்த வேலை செய்கிறார்கள் என்று கேட்டால் காட்டுவதற்கு அரசிடம் ஒரு கட்டம்கூட இல்லை. சமூகவியல் படித்தவர்களாக இதற்கு மேல் என்ன சொல்வது? எண்ணப்படாதவர்களுக்காகத் திட்டம் போட முடியாது.

திட்டத்தின் முதல் நாள், கப்பல் ஏறும் முன், பாரடாங் தீவில் சேற்று எரிமலை பார்ப்பது. போர்ட் பிளேரிலிருந்து சாலை வழியே போய்வந்தால் கப்பலுக்கு டீசல் மிச்சம் என்று ஒரு குறிப்பு. அந்தச் சாலை ஜாரவா காப்பகத்தின் ஊடாகப் போகிறது. ஜிர்காடாங்கில் வண்டிகளை வரிசையாக நிறுத்திக் காவலோடு அனுப்புவார்கள். அதன் சில பகுதிகளை மூடச் சொல்லி 2002-இலேயே உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. மூடவில்லை. 2012 ஜனவரியில் ஒரு பிரிட்டிஷ் நாளிதழ் வெளியிட்ட காணொளியில், சாப்பாட்டைக் காட்டி ஜாரவாப் பெண்களை ஆடச் சொன்னதை உலகம் பார்த்தது. 'மனித சஃபாரி' என்று பெயர் வந்தது. அப்போது மொத்தமே சுமார் நானூறு பேர் இருந்த மக்கள் அவர்கள்.

அதே 2012. நவம்பர் 7 மாலை, நம் மாவட்டத்தில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி. ஒரு பெண்ணும் பையனும் சாதி தாண்டிக் கல்யாணம் செய்ததற்காக 250 வீடுகளுக்கு மேல் எரிந்தன. அடுத்த வாரங்களில் பாத்திரமும் போர்வையும் எடுத்துக்கொண்டு நாங்கள் அங்கே போய்வந்தோம். கார்கள் வந்தபடி இருந்தன. உண்மை அறியும் குழுக்கள் வந்தன, பத்திரிகையாளர்கள் வந்தார்கள், அவர்கள் வரவேண்டியவர்கள். சும்மா பார்க்க வந்தவர்களும் இருந்தார்கள். கண்ணாடியைப் பாதி இறக்கி, போனை வெளியே நீட்டி, கருகிய பீரோவைப் படம் எடுத்துக்கொண்டு இறங்காமலே போனார்கள். அந்தக் கார்களில் பல, வீடுகள் எரிவதற்கு முன் அந்தக் காலனிக்குள் நுழைந்ததே இல்லை. ஜாரவா மக்களின் நிலையும் நம் நிலையும் ஒன்றல்ல. அவர்களுக்கு வேண்டியது யாரும் வராமலிருப்பது, நமக்கு வேண்டியது சமமாகக் கலந்து வாழ்வது. ஆனால் வண்டிக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிற்பது எப்படியிருக்கும் என்று எங்களுக்குத் தெரியும். டீசல் மிச்சக் குறிப்பைப் படித்தபோது எங்களில் ஒருவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

பணத்தைப் பற்றி இரண்டு இரவு சண்டை போட்டோம். வாடகை மூன்று மாதம் பாக்கி. "நாம எழுதலைன்னா வேற யாராவது பூசி மெழுகி எழுதிக் கொடுப்பாங்க" என்றார் ஒருவர். "நம்ம பேரே பூச்சுதானே" என்றார் இன்னொருவர். இரண்டும் சரி என்பதுதான் தொல்லை. கடைசியில், எழுதுவோம், ஆனால் கேட்டதை அல்ல என்று முடிவானது. முதல் நாள் சாலைப் பயணத்தை எடுத்துவிடுங்கள், சேற்று எரிமலை பார்த்தே ஆகவேண்டுமென்றால் கடல்வழியாகப் போங்கள் அல்லது பார்க்காதீர்கள் என்று தொடங்கினோம். தொட்டியைச் சுத்தம் செய்யும் வேலையை யார் எடுக்கிறார், அவரிடம் கூலி வாங்குவது யார், எவ்வளவு, என்ன கருவி, ஆள் இறங்கக்கூடாது என்பது ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்கிறதா என்று கேட்டோம். சமையலறையிலும் அறை சுத்தத்திலும் இருப்பவர்களுக்குக் கப்பலில் படுக்க எங்கே இடம், அவர்களில் எத்தனை பேர் வழிகாட்டிப் பயிற்சிக்கு அனுப்பப்படுவார்கள் என்றும் கேட்டோம். பயிற்சி பற்றிய கேள்வியை மட்டும் மூன்று முறை திருத்தினோம். தூரக் கண்ணாடி பிடித்துப் பறவையின் பெயர் சொல்கிறவரும் கழிப்பறை கழுவுகிறவரும் ஒரே கப்பலில் ஒருநாள் இடம் மாற முடியாதென்றால், அது மிதக்கும் ஊரும் சேரியும்தான். முழுவதையும் போட்டால் எங்கள் பெயரைப் போடலாம், வெட்டினால் கூடாது என்று முடித்தோம்.

ஒன்பது நாள் கழித்துப் பதில் வந்தது. சாலைப் பயணத்தை எடுத்துவிட்டார்கள். படுக்கை இடம் பற்றி ஒரு பத்தி சேர்த்திருக்கிறார்கள். வழிகாட்டிப் பயிற்சி 'பரிசீலிக்கப்படும்', மறுபடியும் எழுவாய் இல்லை. தொட்டி விஷயம் ஒப்பந்ததாரரைச் சேர்ந்தது என்று ஒரு வரி. எங்கள் பெயரைப் போடவில்லை. தொகையில் பாதி வந்தது. பாக்கியில் ஒரு பகுதியைக் கட்டினோம்.

நேற்று தம்பி மறுபடி கூப்பிட்டான். "மீட்டிங்ல நானே கேட்டேன் அக்கா. போர்ட் பிளேர்ல லாரி வந்து உறிஞ்சிக்கும்னாங்க. லாரியில யாரு வருவாங்க, அடைச்சிக்கிட்டா என்ன பண்ணுவாங்கன்னு கேட்டேன். யாருக்கும் தெரியல. நீயே போய்ப் பாத்து எழுதிட்டு வான்னு சொல்லிட்டாங்க." விமானத்திலா என்று கேட்டோம். இல்லை, சென்னையிலிருந்து அரசுக் கப்பல், பங்க் வகுப்பு, கிட்டத்தட்ட மூன்று நாள் ஆகுமாம். கூலிக்குப் போகும் நம்ம ஆட்கள் அதில்தான் ஏறுகிறார்களாம், பேசிக்கொண்டே போகலாம் என்றான். ஒரு நோட்டுப் புத்தகமும், வாந்திக்கு எலுமிச்சம்பழமும் மறக்காமல் எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறோம்.