நாலு இயர்போனும் ஒரு தறிச் சத்தமும்!

சென்னை கடற்கரையிலேர்ந்து காஞ்சிபுரம் போற மின்சார ரயில்ல ஏறியிருக்கீங்களா? செங்கல்பட்டுல பெரிய லைனை விட்டுப் பிரிஞ்சு, வாலாஜாபாத் வழியா ஆடி அசைஞ்சு போகும். ஜன்னல் காத்து, தண்டவாளச் சத்தம், சுண்டல் விக்கிறவர் குரல், பக்கத்து சீட்டு மாமாவோட செல்போன் சீரியல்... இத்தனைக்கும் நடுவுல பாட்டு கேக்கணும்னா ஒரே வழி, வால்யூமை ஏத்துறதுதான். நீங்களும் அதைத்தானே பண்றீங்க? நானும் அதைத்தான் பண்ணிட்டிருந்தேன். அந்த ரயில்ல எங்க சீனியர் அண்ணன் என் காதுல வேற ஒண்ணைச் சொருகுற வரைக்கும்!

அண்ணனுக்கு ஊர் ஓரிக்கை. காஞ்சிபுரத்துக்குத் தெற்கே, பாலாற்றங்கரைப் பக்கம். அப்பா, அம்மா ரெண்டு பேருமே பட்டு நெசவு. அண்ணன் படிச்சு முடிச்சு சென்னையில ஐ.டி. வேலை. சம்பளத்துல பாதி வீட்டுக்கு. மீதியில பெரும்பகுதி காதுக்கு! செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது, தவணையில வாங்கினது, நண்பர்கிட்ட இரவல் வாங்கினதுன்னு பையில நாலு இயர்போன் வெச்சிருந்தார். "ரெண்டு நாள் எங்க ஊருக்கு வாடா, நாலையும் கேட்டுப் பாரு. எது பெஸ்ட்னு நீயே சொல்லு"ன்னார். சோறும் போட்டு, லட்ச ரூபாய் இயர்போனும் தர்றேன்னா யாராவது மாட்டேன்னு சொல்வாங்களா? நீங்களும் கூடவே வாங்க.

முதல்ல நாலு பேரையும் அறிமுகப்படுத்திடுறேன். முதலாமவர் எடிமோட்டிக் இ.ஆர்.4. இந்த வரிசை 1991-லயே வந்தது. அதுக்குள்ளே இருக்குறது 'பேலன்ஸ்டு ஆர்மேச்சர்'னு ஒரு துளியூண்டு ஒலிப்பான். இத்தனை துளியூண்டு உருவத்துல அது பிறந்ததே காது கேக்காதவங்களுக்கான கருவிக்காகத்தான். (இதை மறந்துடாதீங்க, கடைசியில தேவைப்படும்.) ரெண்டாமவர் சோனி ஐ.இ.ஆர்-இசட்1ஆர். 2018-ல வந்தார், உள்ளே மூணு ஒலிப்பான், வெளியே சிர்க்கோனியம் உலோகம், ஆள் கொஞ்சம் குண்டு. மூணாமவர் சென்ஹைசர் ஐ.இ.900. 2021-ல வந்தப்போ விலை சுமார் 1,300 டாலர். உள்ளே இருக்குறது 7 மில்லிமீட்டர்ல ஒரே ஒரு ஒலிப்பான். நாலாமவர் மூன்டிராப் சூ. 2022-ல சுமார் 20 டாலருக்கு வந்த ஏழை வீட்டுப் பிள்ளை.

இவங்க பரம்பரைக்கே 'இன்-இயர் மானிட்டர்'னு பேரு. மேடையில பாடுறவங்களும் வாசிக்கிறவங்களும் தங்களைத் தாங்களே கேட்டுக்கிறதுக்காக வந்தது. 1995-ல வான் ஹேலன் குழுவோட டிரம்மர் அலெக்ஸ் வான் ஹேலனுக்காக ஜெர்ரி ஹார்வின்னு ஒரு சவுண்ட் இன்ஜினீயர் செஞ்சு கொடுத்ததிலேர்ந்துதான் 'அல்டிமேட் இயர்ஸ்' கம்பெனியே பிறந்தது.

ரயில்லயே முதல் ரவுண்டு. எடிமோட்டிக்குக்கு மூணு அடுக்குக் குடை மாதிரி ரப்பர். காதை மேல்பக்கமா லேசா இழுத்துப் பிடிச்சுக்கிட்டு, மெதுவா உள்ளே தள்ளணும். 'மூளையைத் தொட்டுடுமோ'ன்னு பயமாத்தான் இருந்தது. ஆனா உள்ளே போன அடுத்த நொடி... ரயில் காணாமப் போயிடுச்சு! வழக்கமா நான் வைக்கிற வால்யூம்ல பாதிக்கும் கீழே வெச்சேன். வார்த்தை வார்த்தையா கேட்டது. சத்தத்தைக் கூட்டாமலே பாட்டு கேக்க முடியும்னு எனக்கு அன்னிக்குத்தான் தெரியும்.

ஓரிக்கையில இறங்கினதும் அண்ணன் முதல்ல சொன்னது ஊர்ப்பேரோட கதை. திருமழிசை ஆழ்வாரோட சீடர் கணிகண்ணனை, பல்லவ ராஜா ஊரை விட்டுப் போகச் சொல்லிட்டான். சீடன் கிளம்ப, குருவும் கிளம்பினார். திருவெஃகா பெருமாளைப் பார்த்து 'நீயும் பாம்புப் பாயைச் சுருட்டிக்கிட்டு வா'ன்னு பாடினார். பெருமாளும் சுருட்டிக்கிட்டு வந்துட்டார்! மூணு பேரும் ஒரு ராத்திரி தங்கின இடம் 'ஓரிரவிருக்கை'. அதுதான் தேஞ்சு ஓரிக்கை ஆச்சாம். ராஜா மன்னிப்புக் கேட்டதும், ஆழ்வார் திரும்பப் பாட, பெருமாளும் திரும்பினார். 'சொன்ன வண்ணம் செய்த பெருமாள்'னு பேரும் வாங்கிட்டார். "பாட்டைக் காது கொடுத்துக் கேட்டதால பேர் வந்த ஊருடா இது"ன்னு அண்ணன் காலரைத் தூக்கி விட்டுக்கிட்டார்.

ரெண்டாவது ரவுண்டு, வீட்டுத் திண்ணையில. இங்கேதான் எனக்கு முதல் அடி. சோனியைப் பத்தி நெட்ல படிச்சிருந்தேன், 'பேஸ் நிலநடுக்கம் மாதிரி இருக்கும்'னு. மாட்டினேன். ஒண்ணுமே இல்லை! டப்பாவுக்குள்ளேர்ந்து பாடுற மாதிரி இருந்தது. "போலியா இருக்குமோண்ணே?"ன்னேன். அண்ணன் சிரிச்சுக்கிட்டே அதை வாங்கி அவர் காதுல மாட்டிக்கிட்டார். முகம் மலர்ந்துடுச்சு. அதே இயர்போன், அதே பாட்டு!

விஷயம் ரொம்ப சிம்பிள். காதோட துவாரத்தை ரப்பர் முழுசா அடைச்சாத்தான் பேஸ் நிக்கும். மயிரிழை இடைவெளி இருந்தாலும் முதல்ல ஓடிப் போறது பேஸ்தான். என் காது மடல் சின்னது. அந்தக் குண்டு உடம்பு உள்ளே உட்காராம வெளியே தள்ளிக்கிட்டு நின்னுச்சு. ரப்பர் சைஸை மாத்தினோம், ஒயரைக் காதுக்கு மேலே சுத்தி விட்டோம். ஓரளவு பேஸ் வந்தது. ஆனா இருபது நிமிஷத்துல காது வலி! அந்தச் சின்ன சென்ஹைசரோ மாட்டினதே தெரியலை. பேஸ் அடியிலேர்ந்து வந்தது, தாளம் மணி மணியா விழுந்தது.

இன்னொண்ணும் இருக்கு. நம்ம காதுக்குள்ள இருக்குற குழாய் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளம். புல்லாங்குழல் மாதிரி அதுவும் ஒரு சுருதியைத் தானா தூக்கிக் கொடுக்கும். பெரும்பாலும் 3,000 ஹெர்ட்ஸ் பக்கத்துல. ஆளுக்கு ஆள் குழாய் மாறும், சுருதியும் மாறும். அப்புறம் எப்படி யாரோ எழுதின விமர்சனம் உங்க காதுக்குப் பொருந்தும்? 'நாலு பேருக்கும் தைச்ச ஜாக்கெட்'டை எந்தப் பொண்ணாவது போட்டுக்குமா?

ஒப்பிட்டுப் பாக்குறதுக்கு அண்ணன் ரெண்டு விதி வெச்சிருந்தார். எல்லாத்தையும் ஒரே அளவு சத்தத்துல கேக்கணும். ஏன்னா கொஞ்சம் கூடுதல் சத்தம் எப்பவுமே 'நல்லா இருக்கு'ன்னு ஏமாத்தும். ரெண்டாவது, நீங்க நேர்ல கேட்டுப் பழகின சத்தத்தை வெச்சு எடை போடணும். நாங்க எடுத்துக்கிட்டது டி.கே.பட்டம்மாளோட பழைய கச்சேரி ஒண்ணு. 1919-ல காஞ்சிபுரத்துல பிறந்தவங்க. இதே ஊர்ல காஞ்சிபுரம் நயினாப் பிள்ளை கச்சேரிகளைக் கேட்டுக் கேட்டே வித்தை பிடிச்சவங்க. நயினாப் பிள்ளைக்கு 'ஃபுல் பெஞ்ச்' கச்சேரின்னா உசிரு. மிருதங்கம், கஞ்சிரா, கடம், மோர்சிங், கொன்னக்கோல்னு மேடையே நிரம்பி வழியும். அத்தனையும் தனித்தனியாக் கேக்குதான்னு பாக்குறதுக்கு இப்போ ஆடியோஃபைல்ங்க 'செபரேஷன்'னு பேர் வெச்சிருக்காங்க. காஞ்சிபுரம் ரசிகருங்க நூறு வருஷத்துக்கு முன்னாடியே வெறுங்காதுல பண்ணிட்டாங்க! லட்ச ரூபாய் இயர்போன் பழைய ரெக்கார்டிங்ல என்ன பண்ணுச்சு தெரியுமா? டேப் இரைச்சலையும் சேர்த்துப் பளிச்சுன்னு காட்டிக் கொடுத்துடுச்சு. இருபது டாலர் சூ, நல்ல பிள்ளையா அதைக் கொஞ்சம் மறைச்சுக் குரலை மட்டும் கொடுத்துச்சு.

மூணாவது ரவுண்டு, தறிக்குப் பக்கத்துல. குழித்தறியில அப்பா உட்கார்ந்திருக்கார், காலு மிதியில. கோர்வைப் புடவை. உடம்பு ஒரு கலர், பார்டர் வேற கலர். ரெண்டுக்கும் தனித்தனி நாடா. ஒரு பக்கத்து பார்டர் நாடாவை வாங்கி விட அம்மா பக்கத்துல. டக்... சரக்... டக். பேச்சே கிடையாது. எடிமோட்டிக்கை மாட்டிக்கிட்டுப் பார்த்தேன்; ஊமைப் படம்! "இதை மாட்டிக்கிட்டு நெய்யலாமேப்பா, தறிச் சத்தம் தெரியாது"ன்னேன். அப்பா கையை நிறுத்தாமலே சொன்னார்: "சத்தம் தெரியலைன்னா எப்படி தம்பி நெய்யறது? இழை அறுந்தா சத்தம் மாறும். அவ நாடாவை விட்டாளான்னு சத்தத்துலதான் தெரியும்." ரயில்ல முதல் பரிசு வாங்கினது, தறியில ஃபெயில்!

சாயங்காலம், வேலை முடிஞ்சு காபி. அப்பாவும் கேக்கட்டும்னு அண்ணன் ஒரு நாயனக் கச்சேரி போட்டு, சென்ஹைசரை அப்பா காதுல மாட்டினார். முதல்ல அப்பா கேட்டது, "இது எத்தனை புடவைக் கூலிடா?" அண்ணன் வாயைத் திறக்கலை. அப்பா கண்ணை மூடிக்கிட்டார். தொடையில தட்டிக்கிட்டே கேட்டார்.

"தாளம் எப்படிப்பா இருக்கு? ஊசி மாதிரி கேக்குதா?"

"தாளமா? தாளம் யாரும் போடலையேப்பா. நாயனம் இருக்கு, தவில் இருக்கு."

நாங்க ரெண்டு பேரும் சிரிச்சோம். ரப்பர் சரியா உட்காரலைன்னு நினைச்சோம். சைஸ் மாத்தினோம். எடிமோட்டிக், சோனி, சூ... நாலையும் மாத்தினோம். ஒவ்வொண்ணையும் என் காதுல வெச்சுப் பார்த்தேன். தாளம் 'ஜில் ஜில்'னு நல்லாத்தான் கேட்டுச்சு. அப்பாவுக்குக் கேக்கலை. நாலுலயும் கேக்கலை. காலையிலேர்ந்து இயர்போனை மாத்தினோம், ரப்பரை மாத்தினோம், பாட்டை மாத்தினோம். காதைப் பத்தி ஒருத்தரும் யோசிக்கலை. அம்மாதான் அடுப்படியிலேர்ந்து மெதுவாச் சொன்னாங்க: "ரெண்டு வருஷமா கூப்பிட்டா திரும்பறதே இல்ல. கோவம்னு நெனச்சேன்."

அந்த ராத்திரி அண்ணன் மொட்டை மாடியில எதையும் காதுல மாட்டிக்கலை.

அடுத்த மாசம் அவர் தன் காதுக்கே அளவெடுத்து ஒரு கஸ்டம் இயர்போன் செய்யறதாத் திட்டம். ஆடியாலஜிஸ்ட் காதுக்குள்ள சிலிக்கான் பசையை ஊத்தி அச்சு எடுப்பாங்க. அந்த அச்சுப்படி செய்வாங்க. அதே நாள்ல போனார். ஆனா நாற்காலியில உட்கார்ந்தது அப்பா. பசையும் அதேதான், அச்சும் அதேதான். வயசும் காரணம், தறியும் காரணமா இருக்கலாம்னு சொன்னாங்களாம். உயர்ந்த சுருதிகள்தான் முதல்ல போகுமாம்; அதனால நமக்கே தெரியாதாம். வந்தது காது கேக்குற கருவி. சேர்த்து வெச்ச காசு அதுக்குப் போச்சு. அதுக்குள்ளேயும் இருக்குறது பேலன்ஸ்டு ஆர்மேச்சர்தான். அந்தச் சின்ன ஒலிப்பான் சுத்தி வந்து, பிறந்த வீட்டுக்கே போய்ச் சேர்ந்துடுச்சு!

இப்போ உங்களுக்கு. உலக சுகாதார நிறுவனம் சொல்ற கணக்கு இது: 80 டெசிபல் சத்தம்னா வாரத்துக்கு 40 மணி நேரம் கேக்கலாம். 90 டெசிபல் ஆனா வெறும் 4 மணி நேரம்தான். பஸ்லயும் ரயில்லயும் வால்யூமை ஏத்தி ஏத்தி நாம எவ்வளவு கேக்குறோம்? காசு சேர்த்து நல்ல இயர்போன் வாங்கப் போறீங்களா, தாராளமா வாங்குங்க. ஆனா விலையைப் பார்க்குறதுக்கு முன்னாடி மாட்டிப் பாருங்க. அரை மணி நேரம் வலிக்காம உட்காருதா, குறைஞ்ச சத்தத்துலயே பேஸ் நிக்குதா, நீங்க கேக்குற இடத்துக்கு வெளிச்சத்தம் அடங்கணுமா வேணாமான்னு பாருங்க. அப்படிப் பார்த்து நான் வாங்கினது அந்த நாலாவது, ஏழை வீட்டுப் பிள்ளையைத்தான்.

போன மாசம் திரும்பவும் ஓரிக்கை போனேன். அப்பா தறியில இருந்தார். காதுல கருவி இல்லை. பக்கத்து மாடத்துல டப்பாவுக்குள்ள இருந்துச்சு.

"ஏம்ப்பா, போட்டுக்கலையா?"

"தறிச் சத்தம் எனக்கு மனப்பாடம் தம்பி. அதுக்கு எதுக்கு அது? ராத்திரி பேத்தி போன்ல பேசுவா. அப்போ போட்டுக்குவேன்."

டக்... சரக்... டக்.