ஆறாத கால் புண்: வாய்க்காலையும் பாருங்கள்

கடைமடைக் கழனி காய்ந்தால் யாரும் அங்கே யூரியா மூட்டையைப் பிரிப்பதில்லை. மேலே எங்கே அடைப்பு என்று வாய்க்காலைப் பார்த்துக்கொண்டே போவோம். பங்காரு வாய்க்கால் தூர்ந்தால் பாகூர் ஏரிக்கு என்ன ஆகும் என்று எங்கள் தவளக்குப்பம் பக்கத்து விவசாயிகளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் காலில் வந்த புண் ஆறவில்லை என்றால் மட்டும், புண்ணையே பார்த்துக் களிம்பை மாற்றி மாற்றித் தடவுகிறோம்.

என் பெரியப்பாவுக்கு அப்படித்தான் நடந்தது. கரும்பு வெட்டிய கழனியில் கட்டை குத்தி, சுண்டுவிரலில் சிறிய காயம். சர்க்கரை நோய் உண்டு, பீடியும் உண்டு. மஞ்சள் பற்றுப் போட்டார், கடையில் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டார். ஆறு வாரத்தில் விரல் கறுத்தது. மருத்துவமனையில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "நடக்கும்போது கெண்டைக்கால் வலிக்குமா?"

பெரியம்மாதான் பதில் சொன்னார்: "ரெண்டு வருஷமா வரப்புல கொஞ்ச தூரம் நடந்தா நின்னுடுவாரு. நின்னா வலி போயிடும். வயசாயிடுச்சுன்னு இருந்துட்டோம்."

முழங்காலுக்குக் கீழே காலை எடுக்க வேண்டியதாயிற்று.

அந்த வலிதான் முதல் எச்சரிக்கை. காலுக்குப் போகும் ரத்தக்குழாயில் கொழுப்பு படிந்து பாதை குறுகியிருக்கிறது. உட்கார்ந்திருக்கும்போது வரும் ரத்தம் போதும், நடந்தால் போதாது. புண்ணுக்கும் இதே கணக்குதான். நல்ல தோல் உயிரோடு இருக்கக் கொஞ்சம் ரத்தம் போதும். புண் ஆற அதைவிட நிறைய வேண்டும். கிருமியோடு போராடும் அணுக்களும் பிராண வாயுவும் ரத்தத்தில்தான் வரவேண்டும். விழுங்கிய மாத்திரையும் அதே வழியில்தான் வரவேண்டும். சர்க்கரை நோயில் நரம்பு மரத்துப்போனால் வலியே தெரியாமல் புண் பெரிதாகும்.

வயதானவர்களுக்கு மட்டும் வருவது என்று நினைக்க வேண்டாம். 1908இல் நியூயார்க்கில் லியோ பர்கர் என்ற மருத்துவர் விவரித்த நோய், புகையிலை பழக்கமுள்ள இளவயதினரையே அதிகம் தாக்குகிறது. நம் நாட்டில் பீடி பிடிப்பவர்களிடம் இதைப் பார்க்கிறார்கள். புகையிலையை அடியோடு விட்டால்தான் இந்த நோய் நிற்கும், குறைத்தால் போதாது.

அடைப்பைக் கண்டுபிடிப்பது கடினமில்லை. பாதத்தின் மேற்புறத்திலும், உள்கணுக்காலுக்குப் பின்னாலும் நாடி துடிக்கிறதா என்று டாக்டர் விரல் வைத்துப் பார்ப்பார். கணுக்காலில் எடுத்த ரத்த அழுத்தத்தைக் கையில் எடுத்ததால் வகுப்பார்கள். கையில் 140, கணுக்காலில் 70 என்றால் 0.5. இந்த எண் 0.9க்குக் கீழே போனால் அடைப்பு இருக்கிறது என்று பொருள். சர்க்கரை நோயாளிகளுக்குக் குழாய் விறைத்துப்போய் இந்த எண் தவறாகக் கூடுதலாகக் காட்டலாம். அவர்களுக்கு டாப்ளர் ஸ்கேன் தேவைப்படலாம். ஜிப்மர் போன்ற பெரிய மருத்துவமனைகளில் அந்த வசதி உண்டு. பலருக்கு பலூன் வைத்தோ, மாற்றுப் பாதை அமைத்தோ ரத்த ஓட்டத்தைத் திருப்பிவிட முடியும். அதன்பிறகு புண் ஆற வாய்ப்பு கூடும். காலம் கடந்தால் அந்த வாய்ப்பு குறைந்துவிடும்.

வீட்டில் செய்ய வேண்டியவை:

• சர்க்கரை நோயோ புகையிலைப் பழக்கமோ உள்ளவர் காலில் புண் வந்தால், சிறியதானாலும் உடனே காட்டுங்கள். தடுப்பூசி பற்றியும் கேளுங்கள்.

• மரத்த காலில் வெந்நீர் ஒத்தடம் கொடுக்காதீர்கள். பிளேடால் ஆணிக்காலைச் செதுக்காதீர்கள்.

• விரல் கறுத்தாலோ, நாற்றம் வந்தாலோ, இரவில் வலி தாங்காமல் காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டால்தான் தூக்கம் வருகிறது என்றாலோ, அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

• கரும்புக் கட்டை, நெல் தாள் உள்ள கழனியில் செருப்பில்லாமல் இறங்காதீர்கள்.

டாக்டரிடம் புண்ணைக் காட்டும்போது, "நாடியையும் பாருங்க டாக்டர்" என்று கேளுங்கள். நடந்தால் வலி வந்து, நின்றால் போகிறது என்பதையும் விடாமல் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால்தான் அவருக்குத் தெரியும்.