வருகைப் பதிவேட்டில் இல்லாத வேளை

பசியைப் பற்றி மருத்துவக் கல்லூரியின் முதலாண்டு மாணவருக்குத் தெரிந்த அளவு அந்த வயதில் வேறு எவருக்கும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. வெறும் வயிற்றின் சுவரிலிருந்து கிரெலின் என்னும் பசியூக்கும் ஹார்மோன் சுரப்பதையும், உடலின் கொழுப்புத் திசுவிலிருந்து வரும் லெப்டின் இருப்பு போதுமென்று மூளைக்கு உணர்த்துவதையும் விடைத்தாளில் படம் வரைந்து விளக்கிவிட்டு, காலையில் ஒரு டம்ளர் காபிக்கு மேல் எதுவும் உள்ளே போகாத நிலையில் தேர்வுக்கூடத்தை விட்டு வெளியே வருபவர் தமிழ்நாட்டு மருத்துவக் கல்லூரிகளில் அரிதானவர் அல்லர். ஆகவே, மருத்துவ மாணவரின் உணவுப் பழக்கம் கெடுவதற்கு அறியாமையைக் காரணம் காட்டுவது பொருந்தாது.

மன அழுத்தம் பசியை அடக்குகிறது என்பதும் தூண்டிவிடுகிறது என்பதும் ஒன்றுக்கொன்று முரணாகத் தோன்றினாலும் இரண்டும் உண்மையே. முதலாவதைக் கண்டறிந்த வால்டர் கேனன், 1890களின் இறுதியில் ஹார்வர்டில் தாமே மருத்துவ மாணவராக இருந்தபோது, அப்போதுதான் புழக்கத்துக்கு வந்திருந்த எக்ஸ்ரே கருவியைக் கொண்டு பூனையின் இரைப்பை அசைவுகளைக் கவனித்து, அது கலவரமடையும் கணத்தில் அந்த அசைவுகள் நின்றுபோவதைப் பதிவு செய்தார். அச்சம் வந்தவுடன் குருதி தசைகளுக்குத் திருப்பிவிடப்பட்டுச் செரிமானம் ஒத்திவைக்கப்படுகிறது. வைவா எனப்படும் வாய்மொழித் தேர்வன்று வெளியூரிலிருந்து வந்த தேர்வாளரின் முன் நிற்கப்போகும் மாணவருக்கு இட்லி தொண்டையில் இறங்காததன் காரணம் இதுவே. ஆனால் அழுத்தம் மணிக்கணக்கைத் தாண்டி வாரக்கணக்காக நீளும்போது கணக்கு மாறிவிடுகிறது. அட்ரினல் சுரப்பியின் புறணியிலிருந்து வரும் கார்ட்டிசால் பசியைக் கூட்டுவதோடு, இனிப்பும் கொழுப்பும் மிகுந்த பண்டங்களின் பக்கம் நாவைத் திருப்பவும் செய்வதால், தேர்வுக்கு முந்தைய படிப்பு விடுமுறையில் சிலருக்கு உடல் இளைப்பதும் பக்கத்து அறைக்காரருக்குச் சட்டை இறுகுவதும் ஒரே காரணத்தின் இரு விளைவுகளாகின்றன.

உடலியங்கியல் இவ்வளவு தெளிவாக இருக்கும்போது, கல்லூரி நாளின் அமைப்பையும் அதே தெளிவோடு பார்க்க வேண்டும். காலை எட்டு மணிக்கு வகுப்பு என்றால் ஏழரை மணிக்கு மெஸ்ஸில் தோசைக்கு வரிசை நீண்டிருக்கும். வரிசையில் நின்றால் வருகை போய்விடும். தேர்வெழுதத் தகுதி பெறத் தியரி வகுப்புகளுக்கு 75 விழுக்காடும் செய்முறை வகுப்புகளுக்கு 80 விழுக்காடும் வருகை வேண்டுமென்று விதி இருக்கிறது, காலை உணவுக்கோ எந்த விழுக்காடும் இல்லை. இரண்டில் ஒன்றை விட்டுத்தான் ஆகவேண்டுமென்றால் எதை விடுவது என்பதில் பதினெட்டு வயது மாணவருக்குக் குழப்பம் வருவதில்லை. மதிய இடைவேளை அட்டவணையில் அச்சிடப்பட்டிருந்தாலும், மருத்துவமனைப் போஸ்டிங் தொடங்கிய பிறகு அது பேராசிரியரின் வார்டு ரவுண்ட்ஸ் எப்போது முடிகிறதோ அப்போதுதான் பிறக்கிறது. உணவைத் தவிர்ப்பது ஒழுக்கக் குறைவாக அன்றி அர்ப்பணிப்பின் அடையாளமாக மெல்ல மாறிவிடுவதும் இங்கேதான். காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை என்று ஒரு மாணவர் சொல்லும் குரலில் புகாரைவிடப் பெருமிதமே மிகுதியாக ஒலிப்பதைக் கூர்ந்து கேட்பவர் உணரலாம்.

நோயாளியிடம் விவரம் கேட்டுக் குறித்துக்கொள்ளும் பயிற்சி, மாணவர் பேச்சில் கேஸ் எடுப்பது, இந்த நிலையின் விநோதத்தை மிக அருகில் காட்டுகிறது. பகல் ஒரு மணிக்குக் கட்டிலருகே நின்று, பசி எப்படி இருக்கிறது, தூக்கம் வருகிறதா, வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா என்று வரிசையாகக் கேட்டு எழுதிக்கொள்பவரின் வெள்ளைக் கோட்டுப் பையில், மெடிக்கல் ஷாப்பில் தாமே வாங்கிய பான்டோப்ரசோல் அட்டை இருக்கும். இரைப்பையின் அமிலச் சுரப்பைக் குறைக்கும் இந்த மாத்திரை விடுதிகளில் கைமாறும் வேகத்துக்கு வேறெந்த மருந்தும் ஈடாகாது. நெஞ்செரிச்சலுக்கு நிவாரணம் கிடைத்துவிடுவதால் அதற்குக் காரணமான பழக்கம் கேள்விக்குள்ளாவதில்லை. வார்டில் ஒரு நோயாளி இவ்வாறு சுயமருத்துவம் செய்தால் அவரைக் கண்டிக்கும் முதல் ஆளும் இந்த மாணவராகவே இருப்பார்.

இரவு வேறொரு கதை. மெஸ் மூடிய பிறகே பலருக்குப் படிப்பு தொடங்குகிறது. ஆண்கள் விடுதி மாணவர்கள் மருத்துவமனை வாசலில் விடிய விடியத் திறந்திருக்கும் டீக்கடைக்கும் புரோட்டாக் கடைக்கும் போய்வர முடிகிறது. இரவு நேரத்துக்கு வாசல் பூட்டப்படும் பெண்கள் விடுதியில் கெட்டிலில் கொதிக்கும் நூடுல்ஸும், ஊரிலிருந்து அம்மா கொடுத்தனுப்பிய முறுக்கும் பருப்புப் பொடியுமே துணை. தூக்கம் குறைந்தாலே பசி தானாகக் கூடும் என்பதற்கு 2004இல் வெளிவந்த சிகாகோ பல்கலைக்கழக ஆய்வொன்று சான்று தருகிறது. இரண்டு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டுமே தூங்க அனுமதிக்கப்பட்ட இளைஞர்களின் உடலில் லெப்டின் 18 விழுக்காடு குறைந்து, கிரெலின் 28 விழுக்காடு உயர்ந்திருந்தது. இதற்கு மேல் காபி சேர்கிறது. குடித்து ஐந்து மணி நேரம் சென்ற பின்னும் ஏறக்குறைய பாதியளவு காஃபீன் உடலில் தங்கிவிடுவதால், நள்ளிரவுக் குவளை விடிகாலைத் தூக்கத்தையும் தின்றுவிட்டு, மறுநாள் காலை உணவுக்கு எழ முடியாமல் செய்கிறது.

இதற்குத் தீர்வாக ஊட்டச்சத்து விழிப்புணர்வுக் கருத்தரங்கு நடத்துவது, நீந்தத் தெரிந்தவரின் கையைக் கட்டிவிட்டு நீச்சல் பாடம் எடுப்பதைப் போன்றது. அதுவும் பெரும்பாலும் மதிய இடைவேளையில்தான் வைக்கப்படுகிறது. மெஸ் கால் மணி நேரம் முன்னதாகத் திறப்பது, ரவுண்ட்ஸ் நீளும் நாளில் மாணவர்களை இரு பிரிவாக அனுப்புவது, இரவு பத்து மணிக்கு மேல் விடுதிக்குள்ளேயே சுண்டலும் முட்டையும் வாழைப்பழமும் கிடைக்கச் செய்வது போன்ற ஏற்பாடுகளுக்குப் பெரிய செலவும் இல்லை, அரசாணையும் தேவையில்லை. பயிற்சி மருத்துவர்கள் இதை அனுபவத்தில் அறிவார்கள். இருபத்து நான்கு மணி நேர டியூட்டியில், ‘நீ முதலில் போய்ச் சாப்பிட்டுவிட்டு வா, அதுவரை நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று முறைவைத்து அனுப்பும் முதுநிலை மாணவர் ஒருவர் இருக்கும் யூனிட்டில் எல்லாரும் சாப்பிடுகிறார்கள். அவர் அடுத்த யூனிட்டுக்கு மாற்றலாகிப் போனதும் பழைய யூனிட்டில் பிஸ்கட் பொட்டலம் மீண்டும் மேசைக்கு வந்துவிடுகிறது.