உள்ளே செல்லும் காற்று



ஒரு லிட்டர் பெட்ரோல் முழுவதும் எரிந்து தீர எவ்வளவு காற்று வேண்டும் என்று எப்போதாவது எண்ணிப் பார்த்ததுண்டா? எடைக்கு எடை பார்த்தால், 1 பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று. கொள்ளளவில் சொன்னால் ஏறத்தாழ 9,000 லிட்டர். பெட்ரோல் விலை ஏறும்போது நாம் முறையிடுகிறோம். காற்றுக்கு எவரும் பில் போடுவதில்லை. ஆகையால் அதைப் பற்றி நாம் பேசுவதும் இல்லை. இறையியல் கல்லூரியில் எபிரெயம் கற்ற நாட்களில், 'ரூவாக்' என்னும் ஒரே சொல் காற்றையும் மூச்சையும் ஆவியையும் குறிக்கும் என்று ஆசிரியர் விளக்கியபோது உடன் மாணவர்கள் வியந்தார்கள். நானோ அதற்கு முன்பே என் மாமாவின் பட்டறையில் 2 ஆண்டுகள் கார்புரேட்டர் கழற்றிப் பூட்டியவன். காற்று நின்றால் எல்லாம் நிற்கும் என்பது எனக்கு அங்கேயே தெரிந்திருந்தது.

நம் சபையின் வாலிபர் ஒருவர் டர்போ பொருத்திய 1.2 லிட்டர் பெட்ரோல் கார் ஒன்றைப் பழையதாக வாங்கியிருக்கிறார். கோவையில் ஒரு பம்பு தொழிற்சாலையில் வேலை. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் செட்டிப்பாளையத்திலுள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேயில் பந்தயம் பார்க்க ஓடுகிறவர். (அந்தப் பெயருக்குரிய கரிவரதன் பந்தயக் கார்களைத் தம் கையாலேயே வடிவமைத்தவர், நம் ஊர் இளைஞர்களின் இந்த மோகத்துக்கு ஒரு பரம்பரை உண்டு.) அவர் 'கோல்டு ஏர் இன்டேக்' என்னும் பொருளை வாங்கிவிட்டார். தங்கள் தெருவில் காரை நிறுத்தி வேலை செய்ய இடமில்லை என்பதால், போதகர் இல்லத்து முற்றத்தில் பொருத்திக்கொள்ளலாமா என்று கேட்டார். நானும் சம்மதித்தேன். போதகர் ஒருவர் இதற்கு உடன்படலாமா என்று சிலர் கேட்டதாகக் கேள்விப்பட்டேன். ஸ்பேனர் பிடித்த கை ஜெபத்துக்குக் குவியக் கூடாது என்று எங்கும் எழுதியிருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

பொருள் என்னவென்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். என்ஜினுக்குள் காற்று செல்லும் வழியில் ஒரு பெட்டியும், அதற்குள் காகித மடிப்பாலான ஏர் பில்டரும் இருக்கும். அவற்றைக் கழற்றிவிட்டு, அகலமான குழாயும் கூம்பு வடிவ பில்டரும் வைப்பதே இந்த வேலை. குளிர்ந்த காற்று அடர்த்தியானது. அடர்ந்த காற்றில் உயிர்வாயு அதிகம். ஆகவே சக்தி அதிகம் என்பது விற்பவர்களின் வாதம். வாதத்தில் பொய்யில்லை. 60 டிகிரிக் காற்றைவிட 30 டிகிரிக் காற்று ஏறத்தாழ 10 சதவீதம் அடர்த்தியானது.

ஆனால் டர்போ வண்டியில் கணக்கு வேறு. 1905-இல் சுவிட்சர்லாந்தின் ஆல்பிரட் பூக்கி காப்புரிமை பெற்ற எண்ணம் இதுதான்: வீணாக வெளியேறும் புகையின் வேகத்தைக்கொண்டு ஒரு சக்கரத்தைச் சுழற்று, அதே அச்சில் மறுமுனையிலுள்ள சக்கரம் வெளிக்காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளட்டும். சிறிய டர்போவில் அச்சு நிமிடத்துக்கு 1 லட்சம் சுற்றுகளையும் தாண்டிச் சுழலும். அழுத்தப்பட்ட காற்று கொதிக்கும். 30 டிகிரியில் நுழையும் காற்றை இரு மடங்கு அழுத்தத்துக்கு ஏற்றினால், அது 100 டிகிரிக்கு மேல் சூடாகியே வெளிவரும். அந்தச் சூட்டைத் தணிக்க இன்டர்கூலர் என்னும் குளிர்விப்பான் உண்டு. வாயிலில் நாம் மிச்சப்படுத்தும் சில டிகிரிகளில் பெரும்பகுதி இன்டர்கூலரில் கரைந்துபோகும். மேலும், எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்பதை வண்டியின் கணினியே தீர்மானிக்கிறது. வழி அகலமானால் டர்போவுக்கு உழைப்பு சற்றுக் குறையும். கணினியின் கணக்கை மாற்றாதவரை சக்தி பெரிதாகக் கூடிவிடாது. கம்பெனிக்காரர்களின் பெட்டியும் பெரும்பாலும் முன்கிரில்லின் அருகிலிருந்தே வெளிக்காற்றை எடுக்கிறது. அதை எடுத்துவிட்டு, தடுப்புத் தகடில்லாமல் கூம்பு பில்டரை பானெட்டுக்குள் திறந்தபடி வைத்தால், பெயரில் குளிரும் மூச்சில் அனலுமாக இருக்கும்.

இதையெல்லாம் அந்தத் தம்பியிடம் ஒளிக்காமல் சொன்னேன். அவர் சிரித்தார். "தெரியுங்க ஐயா. சத்தத்துக்காகத்தான் வாங்கினேன்" என்றார். அந்த நேர்மை எனக்குப் பிடித்தது. ஆக்ஸிலரேட்டரை மிதித்துவிட்டு விடும்போது டர்போ விடும் 'உஸ்' என்னும் பெருமூச்சு, மூடிய பெட்டியில் அடங்கியும் திறந்த பில்டரில் தெளிவாகவும் கேட்கும். சத்தத்தைச் சக்தி என்று எண்ணிக்கொள்வது வாலிபர்களுக்கு மட்டும் உரிய குணமன்று. நம் கூடாரக் கூட்டங்களின் ஒலிபெருக்கிகளை அறிந்தவன் நான். இதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

தங்கையின் கல்லூரிக் கட்டணம் செலுத்தியாயிற்றா என்று மட்டும் கேட்டேன். செலுத்தியாயிற்று என்றும், இது ஓவர்டைம் பணம் என்றும் சொன்னார். பிறகு நான் கேட்க ஒன்றுமில்லை.

சனிக்கிழமை காலை அவர் தம் தகப்பனாரையும் காரில் அழைத்து வந்தார். அதை நான் எதிர்பார்க்கவில்லை. அந்தப் பெரியவர் 31 ஆண்டுகள் ஒரு வார்ப்படசாலையில் மணல் அச்சு செய்தவர். இப்போது 10 படி ஏறினால் நின்றுவிடுவார். வார்ப்பு மணலின் நுண்தூசி நுரையீரலில் தழும்பாகப் படிந்துவிட்டது. தழும்பை ஆற்றும் மருந்து இல்லை. இந்தப் பொருள் வீட்டுக்கு வந்த நாள் முதல் அவர் மகனோடு பேசவில்லை என்று தாயார் என்னிடம் சொல்லியிருந்தார். வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு அமர்த்தினோம்.

என்ஜின் நன்றாக ஆறும்வரை காத்திருந்து, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றினோம். பெட்டியின் திருகுகள், கிளாம்ப், சென்சார் இணைப்பு, என்ஜினின் உள்மூச்சை வெளியேற்றும் சிறிய ஹோஸ் எல்லாம் வரிசையாகக் கழன்றன. கழற்றிய ஒவ்வொரு திருகையும் ஒரு சில்வர் தட்டில் வைத்தோம். டர்போவின் வாய் திறந்திருக்கும்போது ஒரு சிறு வாஷர் உள்ளே விழுந்தாலும், அந்த வேகத்தில் சுழலும் இறக்கைகள் நொறுங்கிப்போகும். அதனால் வாயைச் சுத்தமான துணியால் மூடி, துணியின் முனையில் சிவப்பு நாடா ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டேன். மூடிய துணியை மறந்து வண்டியைக் கிளப்பியவர்களும் உண்டு.

அப்போதுதான் பெரியவர் கை நீட்டினார். பழைய காகித பில்டரை ஒரு கையிலும் புதிய பஞ்சுவலை பில்டரை மறு கையிலும் வாங்கி, சூரியனுக்கு நேரே மாறி மாறிப் பிடித்துப் பார்த்தார். புதியதில் ஊசிமுனை போல வெளிச்சம் தெரிந்தது.

"காத்து நல்லாப் போகும். கூடவே தூசியும் போகுமில்ல?" என்றார்.

அவர் கேட்டது சரியான கேள்வி. காற்றுக்குத் தடை குறைந்த பில்டர், பொதுவாக நுண்தூசிக்கும் தடை குறைந்ததே. அந்த வலை தூசியைப் பிடிப்பது அதில் பூசிய எண்ணெயால். எண்ணெய் குறைந்தால் தூசி நுழையும். மிகுந்தால், காற்றை அளக்கும் சென்சார் உள்ள வண்டிகளில் அதன் மெல்லிய கம்பியில் படிந்து அளவைக் கெடுக்கும். மகன் இதை விளக்கத் தொடங்கினார். பெரியவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னார்: "கண்ணுக்குத் தெரியிற தூசி ஒண்ணும் பண்ணாது கண்ணு. அது மூக்குலயே நின்னுக்கும். தெரியாததுதான் உள்ளே போகும். எங்களுக்கு ஒரு துண்டுதான் குடுத்தாங்க, மூஞ்சியில கட்டிக்க."

மருத்துவரும் அதையே சொல்வார். நுரையீரலின் அடிவரை செல்லும் தூசி, தலைமுடியின் பருமனில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவானது. ஆயினும் மருத்துவர் சொல்வதைக் கேட்பதும் அந்த மார்பின் இரைச்சலோடு சேர்த்துக் கேட்பதும் ஒன்றல்ல. மகன் குனிந்து கிளாம்ப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைக்க அதில் ஒன்றும் இருக்கவில்லை. நானும் பேசவில்லை. போதகர்கள் பேசாதிருக்க வேண்டிய நேரங்கள் உண்டு. கல்லூரியில் அதற்குத் தனிப் பாடம் இல்லை.

பொருத்துவதை அவர் தடுக்கவில்லை. ஒவ்வொரு இணைப்பையும் தாமே தொட்டுப் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொன்னார். நாற்காலியைக் காரருகே நகர்த்தினோம். அனல் தடுப்புத் தகடு, சிலிக்கோன் குழாய், உள்மூச்சு ஹோஸ் என்று ஒவ்வொன்றும் அவர் விரலுக்குக் கீழ் சென்றது. பில்டருக்கும் டர்போவுக்கும் நடுவே ஒரு கிளாம்ப் தளர்ந்திருந்தாலும் காற்று அந்த இடுக்கு வழியே வடிகட்டப்படாமல் நுழையும்; அப்போது எவ்வளவு விலையுயர்ந்த பில்டரும் வீண். கூம்பைச் சக்கரத்தின் பக்கம் தாழ்வாக வைக்கும் வகைகளும் உண்டு. அது வேண்டாம் என்று நான் சொன்னேன். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் எத்தனை என்ஜின்கள் தண்ணீரை உறிஞ்சிக் கெட்டன என்பது நினைவிருக்கும். தண்ணீர் அழுந்தாது, கனெக்டிங் ராடுதான் வளையும். நீர் புகுந்த என்ஜினுக்குச் சாதாரணக் காப்பீடும் பெரும்பாலும் கை கொடுப்பதில்லை.

துணியை எடுத்து, சிவப்பு நாடாவை மூவரும் பார்த்த பிறகே சாவியைத் திருப்பினோம். சத்தம் வந்தது. தம்பி தகப்பனாரின் முகத்தைப் பார்த்தார். "இதுக்கா இவ்வளவு காசு?" என்றார் பெரியவர். பல நாட்களுக்குப் பிறகு மகனிடம் அவர் நேராகக் கேட்ட முதல் கேள்வி அது. இருவரும் அதைப் பற்றிச் சண்டையிட்டபடியே வீட்டுக்குப் போனார்கள்.

போகுமுன் பெரியவர் ஒரு நிபந்தனை விதித்திருந்தார். 1,000 கிலோமீட்டர் ஓடியபின் குழாயைக் கழற்றி, பில்டருக்கு உட்புறம் ஒரு வெள்ளைத் துணியால் துடைத்துத் தம்மிடம் காட்ட வேண்டும் என்றார். சென்ற வாரம் அவர் வீட்டுக்கு ஜெபிக்கச் சென்றிருந்தேன். துணி மேசைமேல் இருந்தது. நடுவில் வெண்மை, ஓர் ஓரத்தில் மட்டும், விரல் நகத்தளவு மெல்லிய காவிநிறக் கோடு. தம்பி அதற்குள் முற்றத்தில் பானெட்டைத் திறந்து, மறுபடியும் பழைய காகித பில்டர் பெட்டியை வைத்துப் பூட்டிக்கொண்டிருந்தார்.

பெரியவர் அந்தத் துணியை நான்காக மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.