முட்டத்துக் கடலில் யந்திரப் பாடம்

நாகர்கோவிலிலிருந்து தென்மேற்கே சென்றால், பாறைகள் கடலுக்குள் நீண்டு கிடக்கும் முட்டம் என்னும் ஊரை அடைகிறோம். மேட்டின்மீது கலங்கரை விளக்கம். கீழே ஓயாது மோதும் அரபிக்கடல். பார்க்க வருவோர் அலைகளின் அழகைக் கண்டு களித்துத் திரும்புகின்றனர். வள்ளக்காரருக்கோ அந்தப் பாறைகளே எமன். நடுவில் யந்திரம் நின்றுபோன வள்ளத்தைக் காற்றும் நீரோட்டமும் எங்கே கொண்டு தள்ளுமென்று யார் சொல்ல முடியும்? 2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கிப் புயலின் கொடுமையைக் கண்ட கரை இது. அன்று கடலுக்குப் போய்த் திரும்பாதவரை எண்ணிக் கலங்கும் இல்லங்கள் இங்கே பல உண்டு.

முன்னாளில் துடுப்பும் பாயுமே துணை. இன்று வள்ளத்தின் பின்புறம் மாட்டிய யந்திரமே துணை. அதைப் பெட்ரோலில் கிளப்பி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது பலருடைய வழக்கம். நிறுத்துமுன் மறுபடியும் பெட்ரோலுக்கு மாற்றிவிட வேண்டும். இல்லாவிடில் உள்ளே தங்கிய மண்ணெண்ணெய் குளிர்ந்த யந்திரத்தில் எளிதில் ஆவியாகாது. மறுநாள் கிளப்புவது பெரும்பாடாகும்.

நடுக்கடலில் நிற்கும் யந்திரத்துக்குப் பல சமயங்களில் நோய் ஒன்றும் இல்லை, பசிதான். ஆகவே எண்ணெய் வரும் வழியைத் தொட்டியிலிருந்தே தொடர்ந்து பார்த்தல் வேண்டும். முதலில் தொட்டி மூடியிலுள்ள காற்றுத் திருகு திறந்திருக்கிறதா? ஒரே துளையிட்ட எண்ணெய் டின்னைக் கவிழ்த்தவருக்கு இதன் காரணம் தெரியும்: காற்று உள்ளே புகாவிடில் எண்ணெய் வெளியே வராது.

அடுத்தது குழாயின் நடுவேயுள்ள ரப்பர் குமிழ். தொட்டியில் எண்ணெய் இருக்கும்போது, சில தடவை பிசைந்ததும் அது கெட்டிப்பட வேண்டும். அமுங்கியபடியே ஒட்டிக்கொண்டால் தொட்டிப் பக்கம் அடைப்பு. எவ்வளவு பிசைந்தும் தளர்ந்தே இருந்தால் இணைப்பில் காற்றுப் புகுகிறது, அல்லது குமிழின் வால்வு கெட்டது. பிசையும்வரை ஓடி, கையை எடுத்ததும் யந்திரம் நின்றால், அதன் எண்ணெய்ப் பம்பின் மெல்லிய சவ்வு பழுதாகியிருக்கக் கூடும்.

பிறகு வடிகட்டி. தண்ணீர் எண்ணெயைவிடக் கனமானதால் அதன் அடியில் தங்கும். அதைக் கொட்டிவிட வேண்டும். கார்புரேட்டரின் நுண்ணிய துளைகளைப் பார்ப்பது கடைசி வேலை. அலையில் ஆடும் வள்ளத்தில் அவசரப்பட்டு அதை முதலில் பிரித்தால், சிறு திருகொன்று கடலில் விழுந்தாலும் போதும், பிறகு கதியில்லை. இவ்வேலைகளின்போது பீடி, நெருப்பு எதுவும் அருகில் இருத்தலாகாது.

முட்டத்துக்கு வடமேற்கே சிறிது தூரத்தில் குளச்சல் இருக்கிறது. அங்கே 1741-ல் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா டச்சுக்காரரை முறியடித்தார். சிறைப்பட்ட டி லனாய் என்ற டச்சுத் தளபதியைக் கொண்டே தம் சேனைக்கு ஐரோப்பியப் போர்ப் பயிற்சியும் அளித்தார். அந்நியர் வித்தையைக் கண்டு மன்னர் அஞ்சவில்லை. அதைத் தம்முடையதாக்கிக் கொண்டார்.

யந்திரம் ஜப்பானில் பிறந்ததாயிருக்கலாம். அதன் மர்மம் நம்மவர் கைக்கு வந்துவிட்டால் அதுவும் நம்முடையதே. வள்ளத்தில் ஒருவர் மட்டும் இதை அறிந்திருப்பது போதாது. கடலில் அவருக்கே காய்ச்சல் கண்டால் என்ன செய்வது? கரையில் வள்ளம் ஓய்ந்திருக்கும் நாட்களில் இளைஞர் ஒவ்வொருவரும் குமிழைத் தொட்டுப் பார்த்து, வடிகட்டியைக் கழற்றி மாட்டிப் பழக வேண்டும். அந்த ஒரு மணி நேரப் பழக்கம் ஒரு குடும்பத்தையே காப்பாற்றலாம்.