எண்ணெய் வைப்பது பாதி வேலை

மூக்கின் மேல் தெரியும் கரும்புள்ளிகள் அழுக்கு அல்ல. முதலில் இதைச் சொல்லிவிட வேண்டும். அழுக்கு என்று நினைப்பதால்தான் எத்தனையோ பேர் ஒரு நாளைக்கு நாலைந்து தடவை சோப்புப் போட்டு முகத்தைத் தேய்க்கிறார்கள். தேய்க்கத் தேய்க்கத் தோல் வறண்டு எரிகிறதே தவிர, புள்ளி போவதில்லை.

தோலில் மயிர் முளைக்கும் துளையோடு சேர்ந்தே எண்ணெய்ச் சுரப்பியும் இருக்கிறது. நெற்றி, மூக்கு, மோவாய் ஆகிய இடங்களில் இந்தச் சுரப்பிகள் நெருக்கமாக இருக்கும். அவை சுரக்கும் சீபத்தில் பலவகைக் கொழுப்பு, மெழுகு, ஸ்குவாலீன் எல்லாம் கலந்திருக்கின்றன. துளையின் உட்சுவரிலிருந்து உதிர வேண்டிய செத்த செல்கள் உதிராமல் ஒன்றோடொன்று ஒட்டி, இந்தச் சீபத்தோடு சேர்ந்து இறுகும்போது துளை அடைத்துக்கொள்கிறது. அடைப்பின் மேல் தோல் மூடியிருந்தால் நிறம் மாறாத சின்ன மேடாகத் தெரியும். துளை திறந்திருந்தால் நுனி கறுத்துவிடும். தோலுக்கு நிறம் தரும் மெலனினும், காற்றுப் பட்டு மாற்றமடையும் கொழுப்பும்தான் அந்தக் கறுப்புக்குக் காரணம்.

மூக்கில் இருப்பவற்றில் பல அடைப்புகூட அல்ல. சீபம் வெளியே வருவதற்காகத் துளைக்குள் இயல்பாகவே இருக்கும் மெல்லிய இழைகள் அவை. பிதுக்கினால் நூல் நூலாக வரும், சில வாரங்களில் மறுபடியும் நிரம்பிவிடும். அவற்றை நோய் என்று நினைத்து நகத்தால் கீறிப் புண்ணாக்கிக்கொள்ளும் பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

கோபிச்செட்டிபாளையத்தில் இருந்தவரை என் முகத்தைப் பற்றி நான் பெரிதாக யோசித்ததில்லை. சென்னைக்கு வேலைக்கு வந்த பிறகு கடற்கரைப் புழுக்கம், ஹெல்மெட், அதற்குள் வழியும் வியர்வை, வெயிலுக்குப் போட்டுக்கொள்ளும் சன்ஸ்க்ரீன் எல்லாம் சேர்ந்து முகத்தை மாற்றின. மூக்கின் இரு பக்கமும் கரும்புள்ளிகள், மோவாயில் சிறுசிறு மேடுகள், நெற்றியில் தலைமுடியை ஒட்டி ஒரு வரிசை. உடன் வேலை பார்க்கும் ஒரு தோழி, விளக்கெண்ணெயோடு வேறோர் எண்ணெயைக் கலந்து இரவில் முகத்தில் தேய்த்துத் துடைத்தெடுக்கும் முறையைச் சொன்னாள். எண்ணெய் வழியும் முகத்துக்கு எண்ணெயா என்று வீட்டில் கேட்டார்கள். கேள்வி நியாயமானதுதான், ஆனால் பதில் இருக்கிறது.

பலாப்பழம் உரிக்கும்போது கையில் ஒட்டும் பால் தண்ணீருக்கும் சோப்புக்கும் அசையாது. கொஞ்சம் தேங்காயெண்ணெய் தொட்டுத் தேய்த்தால் திரண்டு வந்துவிடும். கொழுப்பைக் கரைக்கக் கொழுப்பே தோது. சீபம், சன்ஸ்க்ரீன், மை, உதட்டுச் சாயம் எல்லாமே எண்ணெயில் இளகுபவை. எண்ணெயால் முகம் துடைப்பது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. ரோமானியர் குளியலறையில் உடம்பெல்லாம் ஆலிவ் எண்ணெய் பூசி, வளைந்த உலோகத் தகட்டால் வழித்தெடுத்தார்கள். பெண்கள் ஒப்பனை கலைக்க நெடுங்காலம் பயன்படுத்திய கோல்டு க்ரீமும் ஆலிவ் எண்ணெய், தேன்மெழுகு, பன்னீர் சேர்த்துக் குழைத்த பழைய மருந்திலிருந்து வந்ததுதான். அதற்கு மூலவராக 2ஆம் நூற்றாண்டின் மருத்துவர் காலெனைச் சொல்வார்கள்.

நான் செய்தது இதுதான். ஒரு பங்கு விளக்கெண்ணெய்க்கு மூன்று பங்கு சூரியகாந்தி எண்ணெய். விளக்கெண்ணெயில் ஏறத்தாழ 90 சதவீதம் ரிசினோலிக் அமிலம். சமையல் எண்ணெய்கள் எதிலும் இந்த அளவு இல்லை, விளக்கெண்ணெயின் பிசுபிசுப்புக்கும் கனத்துக்கும் அதுவே காரணம். தனியாகத் தேய்த்தால் முகத்தில் இழுக்கும், அதனால் நீர்த்த எண்ணெய் ஒன்று துணைக்கு வேண்டும். சூரியகாந்தியைத் தேர்ந்தெடுத்ததற்கும் காரணம் உண்டு. அதில் லினோலிக் அமிலம் அதிகம். பரு உள்ளவர்களின் சீபத்தில் இந்த அமிலம் குறைந்திருப்பதை 1986இல் டவுனிங்கும் அவரது குழுவினரும் எழுதியிருக்கிறார்கள். மேலே தடவினால் அந்தக் குறை தீர்ந்துவிடும் என்று அதற்குப் பொருளில்லை. ஆனாலும் தோலின் தடுப்பை ஆலிவ் எண்ணெய் தளர்த்துகிறது, சூரியகாந்தி எண்ணெய் அப்படிச் செய்வதில்லை என்று ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வும் இருப்பதால் அதையே எடுத்தேன்.

ஊரில் விளக்கெண்ணெய் வீட்டிலேயே எடுப்பார்கள். கொட்டைமுத்தை, அதாவது ஆமணக்கு விதையை, வறுத்து இடித்து, தண்ணீரில் கொதிக்கவிட்டு, மேலே மிதக்கும் எண்ணெயை அகப்பையால் அள்ளி, நீர் சுண்டும்வரை மறுபடி காய்ச்சுவார்கள். அந்த மணம் தெருவுக்கே தெரியும். விதையில் ரிசின் என்னும் கொடிய நஞ்சு இருக்கிறது. அது எண்ணெயில் கரையாது, கொதியில் செயலிழந்தும் போகும். என் அம்மாவின் அம்மாவான அம்மாயிக்கு ரிசின் என்ற பெயர் தெரியாது. ஆனால் பச்சைக் கொட்டைமுத்தைக் குழந்தைகள் கையில் எடுத்தால் உயிரே போய்விடும் என்று பதறித் தட்டிவிடுவார்.

கலந்த எண்ணெயை முதலில் காதுக்குக் கீழே தாடையோரம் சிறிதளவு தடவி, சில நாள் பொறுத்திருந்து பார்த்தேன். அரிப்போ சிவப்போ வரவில்லை. பிறகு இரவில், காய்ந்த முகத்தில் அரை ஸ்பூன் எண்ணெய். விரல் நுனியால் அழுத்தாமல் இரண்டு நிமிடம் மெதுவாகத் தேய்த்து, வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த பழைய வேட்டித் துணியை முகத்தில் போர்த்தி, சூடு ஆறியதும் ஒற்றி எடுப்பேன். நீராவி துளையைத் திறக்கும் என்பார்கள். துளைக்குத் திறந்து மூடக் கதவும் இல்லை, தசையும் இல்லை. வெப்பம் கொழுப்பை இளக்குகிறது, அவ்வளவே. சில இரவுகளில் மூக்கருகே தேய்க்கும்போது விரலில் சின்னச் சின்னத் துகள் தட்டுப்படும். அடைப்பு வெளியே வந்துவிட்டது என்று பலர் மகிழ்வது இதைப் பார்த்துத்தான். அதில் கொஞ்சம் இழைகளின் நுனியாக இருக்கலாம், செத்த தோல் திரண்டதாகவும் இருக்கலாம். அதை எண்ணிக்கொண்டு அரைமணி நேரம் தேய்த்தால் தோல் புண்ணாவதுதான் மிச்சம்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். தோழி சொன்ன முறையில் துணியால் ஒற்றியதோடு வேலை முடிந்தது. மிச்ச எண்ணெய் தோலுக்கு நல்லது, அப்படியே தூங்கு என்றாள். எங்கள் வீட்டு வழக்கம் அது அல்ல. எண்ணெய் தேய்த்துக் குளிப்பதில் எங்கள் பக்கத்தில் எண்ணெயைவிட அரப்புக்குத்தான் மதிப்பு அதிகம். உசில் மரத்து இலையைக் காயவைத்து இடித்த பச்சைத் தூளை வடிகஞ்சியில் கரைத்துத் தலையில் வைத்தால் எண்ணெயின் சுவடே இருக்காது. அப்பாவுக்குச் சனிக்கிழமை, எங்களுக்கு வெள்ளிக்கிழமை. எண்ணெய் ஊறும் நேரத்தைவிட அது போகும்வரை தேய்த்து அலசும் நேரம் அதிகம். அரப்பிலும் சீயக்காயிலும் இருக்கும் சாப்போனின் எண்ணெயைப் பிடித்துத் தண்ணீரோடு கொண்டுபோகிறது. உடம்புக்குப் பயத்தமாவு. அந்த மாவு எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும்.

அம்மாயி இன்னொன்றும் சொல்வார். எனக்குப் பதினைந்து பதினாறு வயதில் முகம் நிறையப் பரு. வெள்ளிக்கிழமை தலைக்கு எண்ணெய் வைக்கும்போது, முகத்துக்கும் வைக்கச் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். “பரு இருக்கற மூஞ்சீல எண்ணெய வெக்காத கண்ணு. பயத்தமாவு போட்டுக் கழுவு, போதும்” என்பார். வழிந்து நெற்றிக்கு வரும் எண்ணெயையும் முந்தானையால் துடைத்துக்கொண்டே இருப்பார். பாட்டி வைத்தியம் என்றாலே எல்லாவற்றுக்கும் எண்ணெய் வைக்கச் சொல்வது என்று இன்று ஒரு நினைப்பு இருக்கிறது. எதை எங்கே வைக்கக் கூடாது என்ற அறிவும் அவர்களிடம் இருந்தது. கைமாறும்போது அந்தப் பாதிதான் முதலில் விட்டுப்போகிறது.

முந்தானையால் துடைத்தது வெறும் சுத்தத்துக்காக அல்ல என்பதற்கு வெகு தொலைவிலிருந்து ஒரு சான்று உண்டு. அமெரிக்காவில் தலைமுடியைப் படியவைக்கப் பிசுபிசுப்பான பொமேடு தடவிவந்த கறுப்பின ஆண்களின் நெற்றியிலும் கன்னப்பொறியிலும் சின்ன மேடுகள் வரிசையாக வருவதைக் கவனித்து, பிளேவிக், ஃபுல்டன், கிளிக்மன் ஆகியோர் 1970இல் அதைப் பொமேடு பரு என்று பெயரிட்டு எழுதினார்கள். தலையில் தடவியது முகத்துக்கு இறங்கித் துளையை அடைக்கிறது. நம் ஊரில் தேங்காயெண்ணெய் வழிய வழியத் தலை வாரிப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளின் நெற்றியில் நான் பார்ப்பதும் அதே வரிசைதான்.

எந்த எண்ணெய் துளையை அடைக்கும் என்று பூஜ்யம் முதல் ஐந்து வரை மதிப்பெண் போட்ட பட்டியல்கள் இன்று எல்லோர் கையிலும் இருக்கின்றன. தேங்காயெண்ணெய்க்கு நாலு, விளக்கெண்ணெய்க்கு ஒன்று என்று அவற்றில் இருக்கும். அந்த எண்கள் பெரும்பாலும் முயலின் காதில் பொருளைத் தடவிப் பார்த்த சோதனைகளிலிருந்து வந்தவை. முயல் காது மனிதத் தோலைவிட வேகமாக அடைத்துக்கொள்ளும். அதனால் அந்த எண்களைச் சட்டமாகக் கொள்ள வேண்டியதில்லை. இருந்தாலும் தேங்காயெண்ணெயை முகத்தில் தடவி இரவு முழுக்க விடுவதைப் பரு வரும் தோல் உள்ள யாருக்கும் நான் சொல்லமாட்டேன். கை கால் வறட்சிக்கு அதைவிட நல்லது இல்லை, முகத்துக்கு வேண்டாம்.

ஆகவே நான் துணியால் ஒற்றியதும் நிறுத்தவில்லை. நைசாகச் சலித்த பயத்தமாவைத் தண்ணீரில் குழைத்து, தேய்க்காமல் பூசிக் கழுவினேன். மாவு கொரகொரவென்று இருந்தால் தோலைக் கீறும். மாவு இல்லாத நாட்களில் மணமில்லாத மென்மையான ஃபேஸ் வாஷ். குளியல் சோப்பு வேண்டாம், அதன் காரம் முகத்துக்கு அதிகம். அரப்பையும் முகத்துக்கு எடுக்கவில்லை, கண்ணில் பட்டால் தாங்காது.

இதனால் என்ன கிடைத்தது? சன்ஸ்க்ரீன் முழுதாகப் போனது. சோப்புக்குப் பிறகு வரும் இழுப்பு நின்றது. மூக்கு காலையில் தொட்டால் வழுவழுவென்று இருந்தது, கறுத்த நுனிகள் மங்கின. சில நாள் விட்டால் பழையபடி திரும்பின. நெற்றி வரிசை குறைந்தது, ஆனால் அதற்கு நன்றி சொல்ல வேண்டியது முகத்துக்கு வைத்த எண்ணெய்க்கு அல்ல. அதே சமயத்தில் தினமும் தலைக்கு எண்ணெய் வைப்பதை விட்டுவிட்டு, வாரம் ஒருமுறை வைத்து அன்றே அலசத் தொடங்கியிருந்தேன். மோவாயில் இருந்த மூடிய மேடுகள் மட்டும் அசையவே இல்லை.

அவை ஏன் அசையவில்லை என்பதைத் தோல் மருத்துவர் ஒருவர் பொறுமையாக விளக்கினார். மேலே கிடப்பதை எண்ணெய் எடுக்கும். துளைக்குள் செல்கள் ஒட்டிக்கொள்வதை அது தடுக்காது. அதற்கு அடாபலீன் போன்ற ரெட்டினாய்டு மருந்து வேண்டும், பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும், கருவுற்றிருப்பவர்கள் தொடக் கூடாது. சாலிசிலிக் அமிலம் எண்ணெயில் கரையும் தன்மை உள்ளதால் துளைக்குள் இறங்கக்கூடியது, அதுவும் உதவும். நெற்றியிலோ மார்பிலோ ஒரே அளவில் அரிக்கும் சிறு கொப்புளங்கள் வந்தால் அது பருவாக இல்லாமல் மலசீசியா என்னும் பூஞ்சையின் வேலையாகவும் இருக்கலாம் என்றார். அந்தப் பூஞ்சைக்குக் கொழுப்புதான் உணவு. ஆய்வகத்தில் அதை வளர்க்க ஆலிவ் எண்ணெய் ஊற்றுவார்கள். அந்த முகத்தில் எண்ணெய் வைப்பது அதற்கு விருந்து வைப்பதாகும்.

அவர் எழுதிக்கொடுத்த ஜெல்லைத் தடவத் தொடங்கிய பிறகுதான் மோவாய் சமமானது. சன்ஸ்க்ரீனைக் கலைக்க எண்ணெயை இன்றும் வைக்கிறேன். முகத்தில் எரிச்சல் இருக்கும் நாட்களில் விட்டுவிடுகிறேன்.

வீட்டில் செய்து பார்க்க விரும்புகிறவர்கள் தாராளமாகச் செய்யுங்கள். செலவு குறைவு, எலுமிச்சைச் சாறையும் சமையல் சோடாவையும் முகத்தில் தேய்ப்பதைவிட எவ்வளவோ பாதுகாப்பானது. வாசனைக்கு என்று எதையும் சேர்க்காதீர்கள். வைத்த எண்ணெயை அன்றிரவே முழுதாகக் கழுவிவிடுங்கள். மருந்துக் கடையில் கேட்டவுடன் எடுத்துத் தரும், ஸ்டீராய்டு கலந்த சிவப்பழகு க்ரீம்களின் பக்கம் மட்டும் போகாதீர்கள். முதல் வாரம் முகம் பளிச்சென்று இருக்கும், பிறகு தோல் மெலிந்து, நிறுத்தினால் பரு கொத்துக் கொத்தாக வரும்.

பருவில் வலியும் சீழும் இருந்தாலோ, குழி விழத் தொடங்கியிருந்தாலோ எண்ணெய் வைத்துப் பார்ப்போம் என்று மாதங்களைக் கடத்தாதீர்கள். விழுந்த குழியை நிரப்புவது கடினம், விழாமல் தடுப்பது எளிது. நம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. காலையில் போய்ப் புறநோயாளிச் சீட்டு வாங்கினால் காசில்லாமல் பார்த்து மருந்தும் கொடுக்கிறார்கள்.